நாசரின் செட்டில் என்ன கோளாறு?

ரேடியோ செட் கட்டி முடித்து, ஏரியல் ஏற்றி, தொண்டை வறளக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்கிறீர்கள். "சார், பவரே வரமாட்டேங்குது. அஞ்சு வாட்ஸ் வரணும், ஒண்ணுகூட வரல." நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பேசும்போது வோல்டேஜ் எவ்வளவு?" உடனே உங்களுக்குச் சலிப்பு தட்டிவிடுகிறது. சார் பாடின பாட்டையே பாடுகிறார் என்று நம் குழுவில் ஒருவர் எழுதியதையும் படித்தேன். கோபம் வந்தது, போய்விட்டது. ஹாம் ரேடியோ லைசென்ஸ் கையில் வாங்கிய சூட்டோடு சால்டரிங் அயர்னைத் தூக்கிக்கொண்டு அலையும் உங்கள் ஏழெட்டுப் பேருக்கும், அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் என்னைக் கிண்டல் செய்தாலும் எனக்கு மறுப்பில்லை.

முதலில் என்னைப் பற்றி. தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு வருடம் வெளிவேலை பார்த்தவன். கம்பம், கேபிள், பள்ளம், மழை. எக்ஸ்சேஞ்சுக்குள் ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு சாதி, வெயிலில் கம்பத்தில் தொங்கும் நாங்கள் ஒரு சாதி. ஒரு போன் வேலை செய்யவில்லை என்றால் அவர்கள் "லைன்ல பாருங்க" என்பார்கள். நாங்கள் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "லைன் ஓகே, உள்ள பாருங்க" என்போம். பல நாள் சாயங்காலம் வரை இந்தச் சண்டையே வேலையாக இருக்கும். "லைன் ஓகே" என்று சொல்லும்போது எங்களுக்கு ஒரு மிதப்பு. என் பக்கம் சுத்தம், இனி உன் பாடு என்று அர்த்தம். ஓய்வு பெற்று நன்னிலத்தில் வீட்டோடு வந்த பிறகும் அந்த மிதப்பு என்னை விட்டுப் போகவில்லை.

ஆறு வருடத்துக்கு முன், கார்த்திகையில் ஒரு புயல் கிளம்பியது. கரையைக் கடக்கும் இடம் வேளாங்கண்ணிக்குத் தெற்கே இருக்கலாம் என்றார்கள். செல்போன் டவர்கள் விழுந்தால் செய்தி சொல்ல ஆள் வேண்டும் என்று எங்களைப் போல் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கும் ஹாம்களைக் கேட்டிருந்தார்கள். கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே ஒரு ஊரின் அரசுப் பள்ளிக்கூடத்துக்கு நானும் நாசரும் முதல் நாளே போய்ச் சேர்ந்தோம். நாசர் நாகூர்க்காரர். வளைகுடாவில் பதினோரு வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு, ஊர் திரும்பி ஒரு சின்ன ரிப்பேர் கடை வைத்திருந்தார். அதிர்ந்து பேசமாட்டார். உதிரி பாகங்கள் அடங்கிய கிட் வாங்கி, காயில்களை எல்லாம் தன் கையாலேயே சுற்றி, ஒரு பெரிய பேரீச்சம்பழ டப்பாவுக்குள் அவர் கட்டிய செட்தான் எங்களிடம் இருந்த ஒரே செட். கிளம்புவதற்கு முன் கடையில் சோதித்ததில் அஞ்சு வாட் காட்டியது என்றார். வீடியோவும் எடுத்து வைத்திருந்தார்.

விடிவதற்குள் புயல் கடந்துபோனது. காலையில் வெளியே வந்து பார்த்தால் பால் பிடிக்க இருந்த சம்பா முழுக்கத் தரையோடு படுத்திருந்தது. டவர் இல்லை, கரண்ட் இல்லை. பள்ளிக்கூடத்துக்குள் முன்னூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மெயின் ரோட்டுக்குப் போகும் வழியில் வடிகால் பாலம் உடைந்து, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மரங்கள் விழுந்து கிடந்தன.

அந்தக் கூட்டத்தில் அபி என்று ஒரு பெண் குழந்தை, ஒன்பது வயது. சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர். ஐஸ் போட்ட ஒரு தூக்குச் சட்டியில் மருந்தைப் பத்திரமாகத்தான் கொண்டு வந்திருந்தார்கள். அதிகாலைக் காற்றில் ஜன்னல் கதவு ஒன்று பெயர்ந்து அந்தத் தூக்கின் மேலேயே விழுந்தது. பாட்டில் தூள். கடைசி ஊசி முந்தின நாள் சாயங்காலம் போட்டது. குழந்தையின் அப்பா இளங்கோ, குத்தகைக்கு நிலம் பார்ப்பவர், தன் டிராக்டரை எடுத்துக்கொண்டு பாலம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். இரண்டு பேரை நடந்து போய்த் தகவல் சொல்ல அனுப்பியிருந்தார்கள், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கிராம நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், எங்ககிட்ட இந்த மருந்து கிடையாது. புள்ள இப்பவே தண்ணி தண்ணின்னு கேக்குது. மூச்சு வேகமா வாங்க ஆரம்பிச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. சீக்கிரம் சொல்லி அனுப்புங்க."

"அரை மணி நேரத்துல சொல்லிடறோம்மா" என்றேன். அந்த வார்த்தையை நான் விட்டிருக்கக் கூடாது.

ஏரியலைக் கொடிக்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே இழுத்துக் கட்டினோம். செட்டை ஒழுகாத ஒரே அறையான தலைமை ஆசிரியர் அறையில் வைத்தோம். பேட்டரிக்கு இளங்கோவின் டிராக்டர். அது கட்டடத்தின் மறுகோடியில் போர்ட்டிகோவில் நின்றது. நாசர் சொன்னார்: "சார், பேட்டரியக் கழட்டி மேஜைகிட்ட வச்சுக்குவோமே. எங்கிட்ட ஒயர் இருக்கு, ஒரு முழம்தான், ஆனா தடியா இருக்கும்."

"கழட்டிட்டா எப்படி சார்ஜ் ஆகும்? ரெண்டு நாள் பேச வேண்டியிருக்கும். வண்டியிலேயே இருக்கட்டும், இன்ஜினை ஓட்டினா சார்ஜ் ஏறும். நான் லைன் இழுத்துத் தரேன்" என்றேன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. என் பையில் எப்போதும் ஒரு சுருள் டிராப் வயர் இருக்கும். கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போன் இணைப்பு கொடுப்போமே, அந்தக் கறுப்பு வயர்தான். எங்கள் துறைக்காரன் வீட்டில் துணி காய்கிற கொடி அதுதான், வேலி கட்டுவது அதுதான், பந்தலுக்கும் அதுதான். இருபது மீட்டருக்கு மேல் இழுத்து, ஆணியில் சுற்றி, வளைவுகளில் பார்க்க அழகாக மடக்கி, செட்டில் கொடுத்தேன். செட் முனையில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டரை வோல்ட். "லைன் ஓகே" என்றேன்.

செட்டைப் போட்டதும் தஞ்சாவூர் கட்டுப்பாட்டு நிலையம் பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது. ஒரு பெண் குரல், நிதானமாக, ஒவ்வொரு ஊராகச் செய்தி வாங்கிக்கொண்டிருந்தது. "வேற யாராவது நிலையம் இருக்கீங்களா?" என்று கேட்டதும் நாசர் மைக்கை அழுத்தி எங்கள் அழைப்புக்குறியைச் சொன்னார். விட்டார். "யாரும் இல்லை. கால் மணி நேரம் கழித்துத் திரும்ப அழைக்கிறேன்" என்றது அந்தக் குரல்.

அடுத்த முறை நான் கத்தினேன். கத்துவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் கத்தினேன். "இரைச்சலுக்கு அடியில யாரோ இருக்கிற மாதிரி இருக்கு. எடுக்க முடியல. திரும்பச் சொல்லுங்க" என்றது. திரும்பச் சொன்னோம். மூன்று தடவை, நான்கு தடவை. "மன்னிக்கணும், புரியல" என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. மோர்ஸ் தந்திக்குறி தெரிந்திருந்தால் அதிலாவது தட்டிப் பார்த்திருக்கலாம். எங்கள் இருவருக்குமே அது வராது. பிறத்தியார் பேசுவதெல்லாம் நமக்குக் கேட்டு, நாம் பேசுவது ஒருவருக்கும் கேட்காமல் போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாசர் தன் சின்ன பவர் மீட்டரை இடையில் மாட்டினார். முள் ஒன்றைக்கூட எட்டவில்லை.

"காயில் சுத்தினது சரியில்ல" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வாயில் வந்தது. என் லைன் ஓகே என்றால் கோளாறு உள்ளேதானே?

"நேத்து அஞ்சு காட்டுச்சு சார்."

"நேத்து காட்டுச்சு, இன்னைக்குக் காட்டலையே. வண்டியில குலுங்கிக்கிட்டு வந்ததுல ஏதோ விட்டுப்போச்சு. டப்பாவைத் திற."

அவரை அதுவரை நான் ஒருமையில் பேசியதில்லை. பதற்றத்தில் மரியாதையும் போய்விட்டது. அவர் மூடியைக் கழற்றினார். சிக்னல் வெளியே போகும் வழியில் இருந்த மூன்று காயில்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, சுற்றுகளை எண்ணி, கம்பி மேல் பூசிய இனாமலைச் சுரண்டி, கேஸில் சூடாகும் நாசரின் அயர்னால் திரும்பப் பற்றவைத்தேன். எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தது. பற்று எல்லாம் சுத்தமாக இருந்தது. சொல்லப்போனால் நாசரின் பற்றைவிட நான் திரும்ப வைத்த பற்றுதான் அசிங்கமாக இருந்தது. முக்கால் மணி நேரம் போய்விட்டது. முள் அதே இடத்தில்.

இதற்கிடையில் பக்கத்து வகுப்பறையில் குழந்தை வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அம்மா தமிழ்ச்செல்வி ஒரு தடவை எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை. என் கையையே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அடுத்து பவர் டிரான்சிஸ்டரில் கை வைத்தேன். அதற்குள் ஓடும் கரண்டைக் கூட்டும் திருகைத் திருப்பினேன். முள் கொஞ்சம் ஏறுவது போல ஏறியது. டிரான்சிஸ்டர் தொட முடியாமல் கொதித்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "மூச்சு வேகமா வாங்குது சார்" என்று மட்டும் சொன்னார். அவர் பின்னாலேயே இளங்கோ வந்தார். சட்டை இல்லை, தலையில் ஈரத்துண்டு. கொஞ்ச நேரம் நாங்கள் படும் பாட்டைப் பார்த்தார்.

"சார், தெரியாமத்தான் கேக்கறேன். லோ வோல்டேஜா இருக்குமோ?"

டெல்டாவில் ஃபேன் சுற்றாவிட்டாலும் லோ வோல்டேஜ்தான், பல்பு ஃபியூஸ் போனாலும் லோ வோல்டேஜ்தான். எனக்குச் சுருக்கென்று வந்தது. "இது பேட்டரி இளங்கோ. டிரான்ஸ்ஃபார்மர் இல்ல."

"இல்ல சார். எங்க போர் மோட்டார் இப்படித்தான் பண்ணும். கம்பத்துலேர்ந்து கொட்டாய்க்கு தூரம். சும்மா இருக்கும்போது மீட்டர் நானூறு காட்டும். ஸ்டார்ட்டர அமுக்குனா சர்ருன்னு விழுந்துரும். மோட்டார் உறுமிக்கிட்டே நிக்கும், தண்ணி வராது."

"லைன் பாத்தாச்சு. பன்னிரண்டரை இருக்கு. லைன் ஓகே" என்றேன். முப்பத்து நான்கு வருடத்து மிதப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மகளுக்கு மூச்சு வாங்குகிற நேரத்தில் ஒரு தகப்பன் எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எங்களிடம் மாற்று டிரான்சிஸ்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து உறையைப் பிரித்தேன். பழையதைக் கழற்ற அயர்னைக் கொண்டுபோனபோது நாசர் செட்டின் மேல் தன் கையை விரித்து வைத்தார். சூடான அயர்ன் அவர் விரலுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது.

"வேணாம் சார்."

"கையை எடுங்க நாசர்."

"கோவிச்சுக்காதீங்க. இதுவும் போச்சுன்னா நம்மகிட்ட வேற ஒண்ணும் இல்ல. இளங்கோ அண்ணன் சொன்னத ஒரு தடவ பாத்துருவோம். நான் பேசறேன், நீங்க அளங்க. ஒரு நிமிஷம்தானே சார்."

நான் மீட்டரை எடுத்தேன். திறந்த மனதோடு எடுத்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவர்கள் இரண்டு பேர் வாயையும் அடைக்கத்தான் எடுத்தேன். செட் முனையில் வைத்தேன். பன்னிரண்டரை. "பாத்துக்குங்க" என்றேன். நாசர் மைக்கை அழுத்தி "ஆ..." என்று நீளமாக இழுத்தார். மீட்டரில் எண் சரிந்து எட்டில் போய் நின்றது. அவர் விட்டார், பன்னிரண்டரை. மறுபடி "ஆ...", எட்டு. போர்ட்டிகோவுக்கு ஓடிப்போய் பேட்டரியிலேயே வைத்துப் பார்த்தேன். அவர் இழுத்துக்கொண்டே இருந்தார், பேட்டரியில் எண் அசையவில்லை.

நடுவில் இருந்தது என் வயர் மட்டும்தான்.

உங்களுக்கு விளக்க வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம். மடை மூடியிருக்கும்போது வாய்க்காலின் தலையிலும் கடைசியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் தெரியும். நடுவில் எவ்வளவு புல் அடைத்திருக்கிறது என்று மடையைத் திறந்தால்தான் தெரியும். கேட்கும்போது செட் துளித் துளியாகத்தான் குடிக்கிறது. பேசும்போது மடை திறந்த மாதிரி. டிராப் வயருக்குள் இருக்கும் செம்பு ஒரு குண்டூசி கனம்தான். போனுக்கு அது தாராளம். இதற்கு அது பாதி வழியிலேயே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. நான் ஓய்ந்திருக்கும் லைனை அளந்து ஓகே சொன்னேன். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் அளந்திருந்தேன்.

இளங்கோ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினார். ஐந்து நிமிடத்தில் பேட்டரி தோளில் வந்தது. நாசர் தன் ஒரு முழ வயரை மாட்டி, நான் திருகி வைத்த திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். முள் ஒரே தாவலில் ஐந்தைத் தொட்டது. அடுத்த அழைப்பு வரை காத்திருக்காமல் இடையில் புகுந்து கூப்பிட்டார்.

"யாரது? நல்லா கேக்குது. சொல்லுங்க" என்றது தஞ்சாவூர்.

மைக்கை என்னிடம் நீட்டினார், மூத்தவன் என்று. திருப்பிக் கொடுத்துவிட்டேன். குழந்தையின் வயது, மருந்தின் பெயர், கடைசி ஊசி போட்ட நேரம், பாலம் உடைந்த இடம், எந்தக் கரை வழியாக ஜீப் வர முடியும், எல்லாவற்றையும் அவரே நிதானமாகச் சொன்னார். அந்தப் பெண் குரல் ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தது. முதல் தடவை நாங்கள் கூப்பிட்டபோது மணி பதினொன்று பத்து. செய்தி போய்ச் சேர்ந்தபோது ஒன்று பதினைந்து.

நான்கு மணிக்கு மேல் பாலத்தின் மறுபக்கம் ஜீப் வந்தது. டாக்டர் ஒருவர் மருந்துப் பெட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்து வந்தார். அதற்குள் குழந்தைக்கு நினைவு தப்பித் தப்பி வந்துகொண்டிருந்தது. ஊசி போட்டு, சலைன் ஏற்றி, பெஞ்சுப் பலகையில் படுக்கவைத்துத் தூக்கிப்போக ஏற்பாடு நடந்தது. தமிழ்ச்செல்வி செருப்பைத் தேடிக்கொண்டே எங்களிடம் வந்தார்.

"காலையிலேயே கம்பியெல்லாம் கட்டினீங்களே சார். ஏன் இவ்வளவு நேரம் ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாசர் சொல்லிவிட்டார். "என் செட்டுல கோளாறு தங்கச்சி. நான் சரியா கட்டல."

என் கையில் அந்த டிராப் வயர் இருந்தது. ஆணிகளிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டிக்கொண்டே இருந்தேன். இளங்கோ என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பலகையின் ஒரு முனையைத் தூக்கப் போனார்.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் சொன்னதாகத் தமிழ்ச்செல்வி சொன்னார். சொல்லிவிட்டு, "நீங்க இல்லேன்னா எம்புள்ள இல்ல சார். அந்த பாய் செட்டு மட்டும் நல்லா இருந்திருந்தா..." என்று நிறுத்தினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கும்பிட்ட கைகளுக்குத் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன். நாசரிடம், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "அந்த நேரத்துல யார் மேல தப்புன்னு பேசி என்ன சார் ஆவப்போவுது" என்றார். அவருக்கு அது அந்த நேரத்தோடு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. அபி இப்போது பத்தாம் வகுப்பு. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர்கள் வீட்டிலிருந்து எனக்குப் புது அரிசி வரும். நாசருக்கு எதுவும் போனதில்லை. அதைச் சமைத்துச் சாப்பிட்டவன் நான்.

இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது, அவர்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வது சரியில்லை என்று பட்டது. நேற்று போனேன். இளங்கோ வயலுக்குப் போயிருந்தார். தமிழ்ச்செல்வி காபி கொடுத்தார். வயரைப் பற்றி, பன்னிரண்டரையைப் பற்றி, எட்டைப் பற்றி, எல்லாம் சொன்னேன். அவருக்கு எண்கள் புரிந்திருக்காது. நடந்தது புரிந்துவிட்டது.

"அந்த பாய் நம்பர் இருக்கா சார்?" என்றார்.

கொடுத்தேன். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "அண்ணே, நான் அபி அம்மா பேசறேன்" என்று சொல்வது கேட்டது. அதற்கு மேல் அழுகையில் ஒன்றும் புரியவில்லை. நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பேசி முடித்து வந்து காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.